உழாத வயலும் கணக்கில் வராத ஆடுகளும்

நவம்பர் 8

இதில் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன், என்னை முட்டாளாகக் காட்டுபவற்றையும். முதல் நாளுக்கே ஒன்று இருக்கிறது.

பள்ளியிலிருந்து எங்கள் வகுப்பை ஒரு பண்ணைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே உழாமலே கோதுமை விதைக்கிறார்கள். ஓர் இயந்திரம், போன அறுவடையில் மிஞ்சிய அடித்தாளுக்கு நடுவே கோடு கீறி விதையைப் போட்டுவிடுகிறது. இரவுச் சாப்பாட்டில் அப்பாவுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். டிராக்டர் வாடகை மிச்சம், மண்ணின் ஈரம் மிச்சம். ரொட்டி ஆறிப்போனது.

மழை பொய்க்கும் வருடங்களில் அப்பா காசாபிளாங்காவுக்குக் கட்டடக் காவல் வேலைக்குப் போய்விடுவார். அவர் பயணப் பை எப்போதும் கதவோரம் ஆணியில் தொங்கும். அதைப் பார்த்தபடியே கேட்டார்: “அப்ப நான் போக வேண்டியதில்லைங்கிற?”

“வேண்டியதில்லை” என்றேன். வானிலை என் கையில் இருப்பதுபோல.

நவம்பர் 21

கூட்டுறவுச் சங்கத்தின் இயந்திரம் வந்து எங்கள் வயலில் விதைத்தது. ஊருக்கெல்லாம் வாடகைக்கு உழுபவர் பூஅஸ்ஸா மாமா. வேலிக்கல் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி அப்பாவிடம் சொன்னார்: “மிலூது, உன் மக வயலுக்கு உழவு வேணாம்னுட்டா. நாளைக்கு அடுப்புக்குத் தீ வேணாம்பா. பச்சை மாவைத் தின்னு.”

அப்பா சிரித்தார். பாதிச் சிரிப்புதான்.

டிசம்பர் 19

களை. கோதுமைக்கு முன்னால் களை வந்துவிட்டது. உழுதிருந்தால் மடிந்திருக்குமாம். களைக்கொல்லிச் செலவு என் கணக்கில் இல்லை. அம்மா சேவல்களை விற்றாள். விற்ற கையோடு, “இன்னும் எதையாவது மறந்திருந்தா இப்பவே சொல்லிடு” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை என்றேன்.

பிப்ரவரி 16

மழை இல்லை. பூஅஸ்ஸா மாமாவின் வயல் மஞ்சளாகிவிட்டது. எங்களுடையது குட்டை, ஆனால் பச்சை. விரலால் தோண்டிப் பார்த்தேன். உள்ளே ஈரம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கழுதையிடம் சொன்னேன்.

மே 29

அறுவடை. நல்ல வருட விளைச்சலில் பாதிகூட இல்லை. ஆனால் பூஅஸ்ஸா மாமா வயலில் அறுவடை இயந்திரம் இறங்கவே இல்லை, ஆடுகளை மேய விட்டுவிட்டார். எங்களுக்குச் செலவு போகக் கொஞ்சம் நின்றது. நான் ஊருக்குள் மெதுவாக நடந்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

பை இன்னும் ஆணியில்தான்.

ஜூன் 11

எழுதவே கூசுகிறது. ஆனால் வாக்கு வாக்குதான்.

அறுவடை முடிந்த வயல் எல்லோருடைய ஆடுகளுக்கும் பொது. அதுதான் ஊர் வழக்கம். ஆனால் தாள் மண்ணில் கிடந்தால்தானே அடுத்த வருடம் ஈரம் நிற்கும்? கம்போடு காவல் நின்றேன். மந்தை வந்தது. கத்தி, கல்லெறிந்து, ஓடை வரை விரட்டினேன்.

மேய்ப்பர் லார்பி மூச்சிரைக்க வந்து கிண்டலாகச் சொன்னார்: “டீச்சரம்மா, அதுல ஆறு உங்க வீட்டு ஆடு. ஒண்ணு சினை.”

எங்கள் ஆடுகளே எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் பண்ணையில் காட்டிய மண்புழுவை இப்போதும் வரைந்து காட்டுவேன்.

வீட்டில் அம்மா நிதானமாகக் கேட்டாள்: “உன் கணக்குல ஆடு எங்கடி?”

இல்லை. இந்த வருடம் வைக்கோல் கோதுமை விலைக்கு விற்கிறது. தாளை வயலில் விட்டால் தீவனம் வாங்க வேண்டும். தீவனம் வாங்க அப்பா காசாபிளாங்கா போக வேண்டும். அவரைப் போகவிடாமல் இருக்கத்தானே இவ்வளவும் — நானே அனுப்பிவைக்கப் பார்த்தேனா?

ஜூன் 12

அப்பா எல்லோரையும் தேநீருக்குக் கூப்பிட்டார். எங்கள் வயலின் மேல் பாதி வழக்கம்போல மந்தைக்கு என்றார். கீழ்ப்பாதிக்குள் எந்த ஆடும் வரக்கூடாது, எங்கள் ஆடும்தான்.

“ஆட்டுக்கு யாரு சொல்றது?” என்றார் பூஅஸ்ஸா மாமா. “உன் மகளா? அவ பேச்சைத்தான் ஆடுங்க நல்லாக் கேக்குதே. ஓடை வரைக்கும் ஓடுச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒப்புக்கொண்டார்கள். என் முட்டாள்தனம் ஒரு வேலைக்காவது ஆயிற்று.

அக்டோபர் 25

முதல் மழை. சினை ஆடு குட்டி போட்டு வெகுநாளாகிறது, இப்போது என்னைக் கண்டால் ஓடுவதில்லை. பூஅஸ்ஸா மாமா நனைந்துகொண்டே வந்து, அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: “அந்த மெஷின் வரும்போது என் கல்லுக்காட்டுப் பக்கமும் கொஞ்சம் திருப்பி விடேன். உழுது உழுது கலப்பைக் கொழு முறிஞ்சதுதான் மிச்சம். வெளிய சொல்லாத.”

இங்கே எழுதுவது வெளியே சொல்வதாகாது.

சாப்பிட்டதும் அம்மா ஆணியிலிருந்து பையை எடுத்து உதறி, அதில் வெங்காயத்தைக் கொட்டினாள். அப்பா பார்த்தார். “பெரிய பைதான், நிறையப் பிடிக்கும்” என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்துபோய் விளக்கை அணைத்தார்.