விடுன்னா என்னக்கா?

மார்ச் 2

டாக்டர் கையை விரித்துவிட்டார். இனி ராலி பந்தய வண்டியில் ஏறினால் அண்ணன் முதுகுக்குத் தான் பொறுப்பில்லை என்கிறார். எட்டு வருஷமாக என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குறிப்பு நோட்டைப் படித்தவன். வளைவு கண்ணில் படுமுன் அவன் குரல் சொல்லிவிடும், என் கை திருப்பிவிடும். ஒரு பெண் ஆண்களை முந்துகிறாளே என்று எல்லாரும் வாயைப் பிளந்தபோது, அவள் அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் ஓட்டுகிறாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நல்லவேளை. தோன்றியிருந்தால் அதையும் பத்திரிகையில் போட்டிருப்பார்கள்.

மார்ச் 6

அண்ணன் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆறு வருஷம் கற்றுக்கொடுத்தவள். ஆள் ஒரு பிடிதான் இருப்பாள். மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் ‘குருவி’ என்று பெயர் வைத்துவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

ஒரே வண்டியில் இரண்டு பெண்கள், இது முதல் தடவை. பந்தயச் சங்கத் தலைவர் கையெழுத்துப் போட ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பேச்சுக்கும் முன் தொண்டையைக் கனைப்பார். அதனால் எங்களுக்கு அவர் கனைப்பார்தான். “ரெண்டு பேரும் பொம்பளைங்களா? பேச்சு சுவாரஸ்யத்துல ரோட்டை விட்டுடாதீங்க” என்றார். சிரித்து வைத்தேன். பன்னிரண்டு வருஷமாக இந்த ஆளிடம் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடையே வலிக்கிறது.

மார்ச் 9

பாதை பார்க்கும் நாள். நான் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு வளைவையும் சொல்ல வேண்டும், அவள் எழுத வேண்டும். ஒன்று என்றால் குறுகலான வளைவு, ஆறு என்றால் லேசானது. குருவியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்டே உயிரை வாங்குகிறாள். “மூணு கொஞ்சம்னா எவ்வளவு கொஞ்சம்க்கா?” “விடுன்னா என்னக்கா?” விடுன்னா விடுதான், அதுக்கு அகராதியா போட முடியும், சொன்னதை எழுது என்று ஒரு அதட்டல் போட்டேன். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. காது குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டு, அவள் மாதிரியே பேசிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான், முதுகு வலியோடு.

மார்ச் 16

எனக்கு இரண்டு விலா எலும்பு முறிவு. குருவிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

மார்ச் 19

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருப்பேன்.

ராலி தொடங்குவதற்கு முன் குறிப்பு படிப்பவர்களை மட்டும் அதிகாரிகள் கூப்பிட்டுச் சொன்னார்கள்: நேற்றைய மழையில் நாலாவது கிலோமீட்டர் சிறு பாலத்துக்கு முன்னால் சரளைக்கல் வந்து கிடக்கிறது. குருவி போய்க் கேட்டுக்கொண்டு வந்து நோட்டில் பென்சிலால் திருத்தினாள். “அக்கா, ஒரு தடவை பாத்துடுறீங்களா?” என்று ஓடி வந்தாள்.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் என் ஒரு கையில் ஹெல்மெட்டையும் மறு கையில் முகம் பார்க்கும் கண்ணாடியையும் கொடுத்து நிற்கவைத்திருந்தார். நின்றேன், அந்தக் கோமாளி வேஷத்தில், பத்து நிமிஷம். “நீ படி, நான் கேட்டுக்கறேன்” என்று அவளை அனுப்பிவிட்டேன்.

பாலத்துக்கு முன்னால் ஒரு மேடு. “மேடு, விடு, வலது நாலு” என்று படித்தாள். அன்றைக்கு அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணனும் நானும் எட்டு வருஷமாகப் பேசிய பாஷையில் விடு என்றால் வண்டியை விடு. முழுசாக மிதி, யோசிக்காதே. மிதித்தேன்.

அவள் பென்சிலால் சேர்த்த விடு வேறு, பள்ளியில் ஆறு வருஷமாகக் கத்திய விடு. காலை விடு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு.

மேட்டின் உச்சியில் அவள் “அக்கா!” என்றாள். சரளையில் வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. அவள் பக்கம்.

மார்ச் 27

குருவி பேசுகிறாள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி வராது என்று பெரிய டாக்டர் அவள் அம்மாவிடம் சொல்லும்போது நானும் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா அழவில்லை. என் விலாவில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, “உங்களுக்கு மூச்சு விட வலிக்குதா?” என்று கேட்டார்.

பாதை பார்த்த நாளிலிருந்து குருவிக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. யாரோ நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். “நான் தப்பா எழுதிட்டேனாக்கா? விடுன்னா என்னன்னு உங்ககிட்ட நான் கேக்கவே இல்லையா?” என்றாள்.

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தவறி வந்துவிட்டது என்று எழுதப் போனேன். அதுவும் பொய். நாளை மறுநாள் விசாரணை.

மார்ச் 29

நீள மேசை. ஐந்து ஆண்கள். ஒரு தட்டு பிஸ்கட். நடுவில் குருவியின் நோட்டு, மழைத்தண்ணீர் காய்ந்து உப்பிப் போய். அண்ணனைக் கூப்பிட்டு அந்தச் சொல்லுக்கு எங்களிடையே என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். சொன்னான். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கனைப்பார் கனைத்தார்.

“அந்தப் பொண்ணு உங்ககிட்ட அர்த்தம் கேட்டுச்சா?”

“கேக்கலை.”

அண்ணன் என்னைப் பார்த்தான். போனில் நான் பேசிக் காட்டியது அவனிடம்தானே. ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். குனிந்து, முழங்காலில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

என் உரிமம் போனால் எனக்குப் பின்னால் வரப்போகிற பெண்களுக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்காகத்தான் சொன்னேன். அதற்காகத்தான்.

ஏப்ரல் 11

தீர்ப்பு வந்தது. என் உரிமத்துக்கு ஆபத்தில்லை. தவறு குறிப்பு படித்தவருடையது. இனி எந்த வண்டியிலும் அந்த சீட்டில் பெண்கள் உட்காரக் கூடாது என்று புது விதி.

கனைப்பார் கை குலுக்கினார். “பொண்ணு ஓட்டட்டும், வேண்டாங்கல. பக்கத்துல ஒரு ஆம்பளை இருக்கணும்.” மண்டையில் களிமண்ணைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது இந்த மனுஷனுக்கு. அந்த ஆளுக்குத்தான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சீ.

ஏப்ரல் 12

கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பயந்தேனே. நானே சாத்திக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். என்னை மட்டும் உள்ளே வைத்து.

அண்ணன் போனை எடுக்கவில்லை.

மே 30

குருவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். போக வேண்டும். இந்த வாரம் முடியாது.

ஜூலை 20

திரும்பவும் ராலி. பக்கத்து சீட்டுக்கு ஆண்தான் வேண்டும், என் பாஷை தெரிந்த ஆண் ஒருவன்தான் இருக்கிறான். அண்ணன் முதுகில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தான். அண்ணி வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. “இது ஒண்ணுதான். இதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாதே” என்றான்.

முதல் மேடு. “மேடு, விடு.” அதே குரல், எட்டு வருஷமாகக் கேட்ட குரல். என் கால் மேலே வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, அது வந்தது. அடுத்த மேட்டிலும் அப்படியே. பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கப் பார்த்தேன், கால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. பதினேழாவது இடம். வழக்கமாக எனக்குப் பின்னால் தூசி தின்கிறவர்கள் எல்லாரும் இன்று முன்னால் போனார்கள்.

வண்டியை நிறுத்தியதும் அண்ணன் கேட்டான்.

“விடுன்னு சொன்னேனே.”

“விட்டேன்.”

“காலையா?”

அவன் பெல்ட்டை அவிழ்த்தான், வலியில் முகம் வெளுத்திருந்தது. “அவ உன்கிட்ட கேட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவளுக்குத் தெரியுமா?”

ஜூலை 22

மார்ச் 9 பக்கத்தைப் புரட்டினேன். ‘காது குளிர்ந்தது’ என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து. கிழித்துவிடலாம் என்று ஓரத்தைப் பிடித்தேன். கொஞ்சம் கிழிந்தும் விட்டது. பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஜூலை 25

சங்க அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கனைப்பார் இன்னும் வரவில்லை. இந்த நாட்குறிப்பு நோட்டை அவரிடம் கொடுக்கப் போகிறேன். களிமண் விஷயமும் அவர் கண்ணில் படும். படட்டும்.

நேற்று குருவி வீட்டுக்குப் போனேன். வாசற்படிக்குப் பலகை போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலிக்கு. அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பேனாவையே தொட மாட்டேங்குறா. கடைக்குச் சீட்டு எழுதச் சொன்னாக்கூட, தப்பா எழுதிடுவேன், நீயே எழுதும்மாங்குறா” என்றார்.

குருவி முன்னால் உட்கார்ந்து மார்ச் 9 பக்கத்தைப் படித்தேன். அதட்டலையும் படித்தேன். காது குளிர்ந்ததையும். அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை படிங்க” என்றாள். படித்தேன்.

“அப்ப நான் கேட்டிருக்கேன்.”

“கேட்ட. நான்தான் சொல்லலை. ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன். விசாரணையிலயும்.”

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “அம்மா, பென்சில் இருக்கா?” என்றாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நோட்டை நீட்டியபோது, “இனிமே வராதீங்கக்கா” என்றாள்.

உள்ளே கூப்பிடுகிறார்கள். அவர் வந்துவிட்டார் போலிருக்கிறது.

இதில் உள்ள எல்லாமே நான் எழுதியது. மார்ச் 9 பக்கத்தில், ‘விடுன்னா என்னக்கா’ என்பதன் கீழே இருக்கிற பென்சில் கோடு மட்டும் குருவி போட்டது.