பத்துப் பொச்சுமட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று இந்த மலையாற்றங்கரையில் நின்றது மூன்று பேர்: உங்கள் மருமகன், அணைக்கட்டில் அவருடன் வேலை செய்யும் வல்லிபுரம் அண்ணை, நான். எங்கள் ஊர்ச் சல்லி முத்துமாரி அம்மன் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி?

மாதக் கடைசி ஞாயிறு மூவரும் ஆற்றில் வள்ளம் விடப் போகிறோம். பின்னாலிருந்து வள்ளத்தைத் திருப்புவது யார் என்றுதான் வாக்குவாதம்.

“கடல் பழக்கத்தை நம்பி ஆத்தில இறங்க ஏலாது, தங்கச்சி” என்றார் அண்ணை.

“ஓம் அண்ணை. கடலில அலை எங்களிட்ட வரும். இஞ்ச அலை நிண்ட இடத்திலயே நிக்குது, தண்ணிதான் ஓடுது. அதுதான் தேங்காய் உரிச்ச பொச்சுமட்டை பத்தை ஆத்தில மிதக்க விட்டுப் பாத்தனான். கறுத்தப் பாறைக்கு வலப்பக்கம் போன மூண்டும் சுழியில மாட்டிச்சு. இடப்பக்கம் போன ஏழும் தப்பிச்சு.”

உங்கள் மருமகன் சிரித்துவிட்டு, “அப்ப நீரே பின்னால இரும்” என்றார்.

உங்கள் சின்னத் துடுப்பை லொறியில் அனுப்பிவிடுங்கள். இங்கேயும் வாங்கலாம், ஆனால் அதில்தான் உங்கள் கைபட்ட பள்ளம் இருக்கிறது. கோயில் திருநீறும் வையுங்கள். நீங்கள் வேண்டாமென்றால் போகமாட்டேன். கெதியாகப் பதில் போடுங்கள்.

மகள்
சீதேவி