ஒரு நூல் இடப்பக்கம்

மயிலாப்பூர்,
மார்கழி 5.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஸ்ரீஹரிக்கு, சூடாமணி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். மழை விட்டுவிட்டது. மாட வீதியைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை. வர்ஷினியின் ரவிக்கைகளைப் பாண்டி பஜார் தையற்காரர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார், கடங்காரன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

மாதக் கடைசியில் உங்கள் துப்பாக்கியை யாருக்கோ கொடுத்துவிடப் போகிறீர்களாம், நேற்று வர்ஷினி சொன்னாள். ஆபரேஷன் பண்ணியும் கண் சரியாகவில்லை, இனிமேல் எதற்கு என்றீர்களாம். போனை வைத்தபின் எனக்குக் காபிகூட இறங்கவில்லை.

மாப்பிள்ளை, உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. தப்பு பண்ணினது நான்.

ஓஹையோவில் உங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குத் தையல் மிஷின், லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் இட்டேன். அந்தத் துப்பாக்கியை மட்டும் விட மனசு வரவில்லை. வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற அந்தக் காலத்து மாதிரியை, இரண்டு வருஷம் உட்கார்ந்து நீங்களே இழைத்து, எண்ணெய் தேய்த்துச் செய்ததாயிற்றே! யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். நீங்கள் ஆபீஸ் போனதும் எடுத்துத் துடைத்தேன். குழல் நுனியில் குறி பார்க்கிற சின்னத் தகடு, நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒரு நூல் அளவு தள்ளி இருந்தது. கோலத்தில் ஒரு புள்ளி விலகினாலே என் கை சும்மா இருக்காது. பூஜைக்கு வைக்கிற பொருள் கோணலாக இருக்கலாமா? சுத்தியலால் பூப்போல இரண்டு தட்டு தட்டினேன், நடுவுக்கு வந்துவிட்டது. கற்பூரம் காட்டி, பொட்டைத் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

மறுநாள் குறி பார்த்துச் சுடும் போட்டிக்குப் போகும்போது காரில் நீங்கள்தான் சொன்னீர்கள்: "அந்தத் தகட்டை நட்டநடுவுல வெச்சா குண்டு நேரா போகாது மாமி. சுட்டுச் சுட்டுப் பார்த்து, துளித்துளியா நகர்த்தி நிறுத்தவே ஒரு மாசம் ஆச்சு." அப்போதே சொல்லியிருக்கலாம். எந்த முகத்தோடு சொல்வது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்குச் சுட்ட ஐந்தும் நான்கு விரற்கடை இடப்பக்கம் தள்ளி விழுந்தன. உங்கள் கையால் வைத்த தகட்டை நீங்கள் சந்தேகப்படவே இல்லை. கண்ணைத்தான் துடைத்துத் துடைத்துப் பார்த்தீர்கள். "கண்ணு போயிடுத்து மாமி" என்று சிரித்தீர்கள். நான் பாவி, "டாக்டரைப் பாருங்கோ" என்று வேறு சொன்னேன். ஐந்தும் ஒரே இடத்தில் அல்லவா விழுந்தன? கண் கெட்டவர் சுட்டால் அப்படி விழுமா?

உங்கள் கண்ணுக்காகக் கபாலி சந்நிதியில் தினமும் வேண்டிக்கொள்கிறேன் என்று போனில் சொன்னது பொய். இதைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடு என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

திட்டுங்கள். வர்ஷினியிடமும் சொல்லுங்கள், அவளும் திட்டட்டும். இனிமேல் என்னை அங்கே கூப்பிடாவிட்டாலும் சரி. துப்பாக்கியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். தகட்டை இடப்பக்கம் ஒரு நூல் தட்டிவிட்டு, ஒரே ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். உங்கள் கண் நூறு வருஷம் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தொடாதே என்றதைத் தொட்ட
சூடாமணி