அனுமதி கேட்கும் பெட்டி

மார்ச் 10, திங்கள்
வெயில் இப்பவே மண்டையைப் பிளக்குது. ஒத்தக்கடை முக்கில் தண்ணி லாரி மறித்து, டைப்பிங் கடை திறக்க லேட்.

புது கம்ப்யூட்டரில் எதைப் போட்டாலும் திரை மங்கி ஒரு பெட்டி வருது, அனுமதிக்கவா என்று. என் பாஸ்வேர்ட் அடித்தால்தான் நகரும். எனக்கு நிம்மதி. கொழுந்தன் சரவணனுக்கு ஆகவில்லை. எங்கேயோ வாங்கின சி.டி.யில் கேம் போட வந்தான். பெட்டி மறித்தது. பாஸ்வேர்ட் கேட்டான். தரவில்லை.

"எங்கண்ணன் கம்ப்யூட்டர். ஒங்களக் கேட்டுத்தான் தொடணுமா மதினி?"

ஆமாம் என்றேன். ஸ்டூலை உதைத்துவிட்டுப் போனான். போகட்டும்.

மார்ச் 12, புதன்
பாப்பாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி. மத்தியானம் வரை கடையில் இவர்.

திரும்பி வந்தால் பெட்டியே வரலை. யாரோ அணைத்து வைத்திருக்காங்க. பாஸ்வேர்ட் தெரிஞ்சது எனக்கும் இவருக்கும்தான். கேட்டேன். தம்பி கேட்டான், கொடுத்தேன் என்கிறார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். இதுக்குப் போய் இம்புட்டுக் கோபமா என்கிறார்.

பெட்டியைத் திரும்பப் போட்டேன். இவர் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலை.

மார்ச் 13, வியாழன்
அதுக்குள்ள அந்த சி.டி.யிலேர்ந்து வைரஸ் நுழைஞ்சிருக்கு. ஃபோல்டருக்குப் பேர் மட்டும் இருக்கு, உள்ளே ஒண்ணுமில்லை. காலேஜ் பிள்ளை ரேவதி அடிக்கக் கொடுத்த ப்ராஜெக்ட் முழுசும் போச்சு. நாளைக்குக் கொடுக்கணும். எழுமலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். அழலை. கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். நான் அடித்தேன். சாப்பிடலை ரெண்டு பேரும்.

நடுவில் சரவணன் எட்டிப் பார்த்தான். வைரஸ் எல்லா எடத்துலயும் வரத்தான் செய்யுமாம். அவள் முன்னாடி சண்டை வேண்டாமென்று அடுத்த பக்கத்தை வாசிக்கச் சொல்லி அடித்தேன்.

மார்ச் 14, வெள்ளி
ரேவதி போன். கொடுத்துவிட்டாளாம். ஒரு படம் தலைகீழாம். பரவாயில்லக்கா என்றாள். குரல் சரியில்லை.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. ரசம், அப்பளம்.

மார்ச் 16, ஞாயிறு
எல்லாம் அழித்துப் புதுசாகப் போட்டாச்சு. பாஸ்வேர்டும் புதுசு.

காலையில் சரவணன் வந்தான், அதே சி.டி.யோடு. பெட்டி வந்தது. என்னிடம் கேட்கலை. நேரே வீட்டுக்கு, அண்ணனிடம்.

சமைக்கும்போது இவர் அடுப்படி வாசலில்.

"புதுசு என்ன?"

"எது?"

"பாஸ்வேர்ட்."

கூடத்தில் மாமியார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"நாளையிலேர்ந்து கடையை நீங்க பாருங்க. அப்பச் சொல்றேன்."

குக்கரை மூடினேன். டி.வி. சத்தம் திரும்பக் கூடிச்சு.