நேரலையில் அப்பா போட்ட போன்

என் செல்ல மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை, அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இங்கே எல்லாரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர. நீ சுகமா என்று கேட்கவே வாய் கூசுகிறது.

வானொலியில் உன் புத்தகத்தைப் பற்றி உன்னோடும் அந்த வரலாற்று ஆய்வாளரோடும் உரையாடல் என்றதும், கடையில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, காஜா எடுப்பவர், பக்கத்து மருந்துக்கடைக்காரர், அளவு கொடுக்க வந்தவர்கள் என எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டேன். கடல் நீரோட்டத்தைப் பிடித்துப் பழைய மாலுமிகள் எப்படிப் போனார்கள் என்று நீ சொல்லச் சொல்லப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அவர், "இதுக்கு ஆதாரம் போதாதும்மா" என்றார் பார், பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நேயர்கள் பேசலாம் என்று எண்ணைச் சொன்னதும் மருந்துக்கடைக்காரர் போனைப் பிடுங்கி அழுத்திவிட்டேன். ஓய்வு பெற்ற பேராசிரியர் என்று வேறு சொல்லித் தொலைத்தேன், யார் கேட்டார்கள் என்னை? புத்தகத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்று அவரை அதட்டினேன். அவர் மரியாதையாக, "எந்த அத்தியாயத்தைச் சொல்றீங்க ஐயா?" என்றார். 'அப்பாவுக்கு' என்று நீ அச்சிட்ட பக்கத்தைத் தாண்டி நான் போனதே இல்லையம்மா. அதைத்தான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். "அவ சின்ன வயசுலேர்ந்தே பொய் சொல்ல மாட்டாங்க" என்று உளறினேன். நீ மெதுவாக, "அப்பா, போனை வைங்க" என்றாய்.

கடையில் யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. அம்மாதான், "மானம் கப்பலேறிப் போச்சு, ஊருக்கெல்லாம் பட்டன் தைக்கிறீங்களே, அந்த வாய்க்கும் ஒண்ணு தைங்க" என்கிறாள். நீயும் அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை, எப்படி எடுப்பாய்? அந்த வெட்கத்தில்தான் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பாதி புரியவில்லை, ஆனாலும் விடவில்லை. மூன்றாம் அத்தியாயக் கடைசியில், இதற்குக் கிடைத்த ஆதாரம் போதாது, இன்னும் தேட வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர் உன் எழுத்தைப் படித்துவிட்டு உன் பேச்சைத்தான் பேசியிருக்கிறார். உலகமே கேட்க நான் கத்தியது அவரிடம் இல்லை, உன்னிடம். நினைத்தால் உடம்பு குன்றிப்போகிறது.

அவர் முகவரியை அனுப்பு, தையல்காரன் என்றே எழுதி மன்னிப்புக் கேட்கிறேன். என்னிடம் பேச மனம் வரும்போது வரட்டும், அம்மாவிடமாவது பேசு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

நாலாம் அத்தியாயத்தில் இருக்கும்,
உன் அப்பா