நாற்பதாவது மூட்டை

1981 மார்ச் 6, வெள்ளி.

நாவிதன்வெளி வயலில் நெல்லுச் சூடடிப்பு முடிந்தது. ஏக்கருக்கு நாற்பது மூட்டை காணாதவனை ஊரில் விவசாயி என்று மதிக்கமாட்டார்கள். போன வருடம் என் ஒரு ஏக்கரில் நாற்பது தேறியதும் சிந்தியதையெல்லாம் குருவிக்கு விட்டு வந்த சீமான் நான். இன்று களத்து மண்ணைக் கூட்டி அள்ளியும் முப்பத்தெட்டுத்தான். மச்சான் அஸர் தொழப் போன நேரம் பார்த்து, அடுத்த போகத்துக்கு விதைக்கென முன்பே வாங்கி வாடிக் குடிசையில் ஒதுக்கியிருந்த இரண்டு மூட்டையையும் இழுத்துவந்து சேர்த்தேன். நான் தொழவுமில்லை.

தொழுதுவிட்டு வந்த மச்சான் பார்த்துநிற்க, நாற்பதையும் ஆலை லொறி ஏற்றிப்போனது.

“மாஷா அல்லாஹ், நாப்பது! நல்ல விதை மச்சான். எனக்கும் ரெண்டு மூட்டை விதைக்கித் தாங்களன்” என்றார் அவர்.

“ஓம், தாறன்” என்றது இந்த வாய்.

யா அல்லாஹ், எனக்கே ஒரு மணி இல்லை. அடுத்த போகம் எதை விதைப்பேன்? வாடியில் விதைநெல் இருக்கிறதென்ற நிம்மதியில் மனைவி குறட்டை விடுகிறாள்.