பெயரில்லாத நடுவருக்கு

என் மருமகளும் மண்ணியல் துறையின் வருங்கால மகாராணியுமானவளுக்கு,

நேற்று நீ போனை வைத்ததும் நான் போட்ட கர்ஜனையில் தெருவிலுள்ள ஜன்னல்கள் எல்லாம் ஆடிப்போயின. அத்தை ஓடிவந்து, "இப்ப யாரைக் கடிக்கப் போறீங்க?" என்றாள்.

அந்தப் பேராசிரியரைத்தான். நிறைந்த கருத்தரங்கில், "மண்ணைச் சோதிச்சீங்களா, இல்ல ஜெபம் பண்ணியே கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டு, உன்னைப் பார்த்து அரங்கையே சிரிக்க வைத்தவர். இப்போது உன் ஆய்வை மறுத்து அவர் எழுதிய கட்டுரையை, பெயர் வெளியிடாத நடுவராக இருந்து மதிப்பிடச் சொல்லி ஆய்விதழ்க்காரர்கள் உன்னிடமே அனுப்பியிருக்கிறார்கள். நீ போனில் இதைச் சொன்னதும், கடவுளுக்கும் குறும்பு உண்டு என்று துள்ளினேன். "கிழிச்சுப் போடும்மா" என்றேன்.

"அவர் எழுதினது சரி மாமா. என் ஆய்வுதான் தப்பு" என்றாய்.

அது அச்சானால் உன் தற்காலிக வேலை என்ன ஆகும் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பல்கலைக்கழகங்களை ஆண்டவருக்காக வெல்ல வேண்டும் என்று நம் ஆலயத்தில் மைக் உடையப் பேசுகிறவன் நான். நீயோ பெயர்கூடப் போடாமல் மதிப்பீடு எழுதப் போகிறாய். தன்னை யாரோ ஒருவர் நியாயமாகப் படித்திருக்கிறார் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். என் பிரசங்கம் எதுவும் அவர் மேசைவரை போனதில்லை.

வெள்ளிக்கிழமை கெடு என்றாய். உள்ளதை எழுது.

மாடி அறையில் இமயமலையாகக் கிடந்த என் பழைய ரேடியோக்களை இறக்கிவிட்டேன். கட்டிலுக்குப் புது மெத்தையும் வந்துவிட்டது. "எதுக்கு?" என்றாள் அத்தை. "சும்மாதான்" என்றேன். அவள் அந்த அறை ஜன்னலுக்குத் திரை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

இப்போதைக்குக் கர்ஜனையை நிறுத்தியிருக்கும்,
உன் மாமா